எண்ணெய் வெறும் மூடிதான்

வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

போன அக்டோபரில் கணவரின் வேலைக்காக ஈரோட்டிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வந்தோம். கத்தானியாவுக்கு வெளியே, எத்னா எரிமலை அடிவாரத்தில் தோட்டத்தோடு ஒரு சின்ன வாடகை வீடு. ஏப்ரலில் 24 தக்காளி நாற்றும் 8 கத்தரி நாற்றும் நட்டேன். மே மாதம் முழுக்கப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது ஜூலை முடியப் போகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டன. சமையலறைத் தரையில் மட்டும் முப்பது கிலோ இருக்கும். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் ஆளே இல்லை. கணவரோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் கடற்கரை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை தெருவில் ஒரு மனிதக் குரல் கேட்பதில்லை. சில நாள் அழுகை வந்துவிடுகிறது.

அம்மா ஊறுகாய் போடுவதுபோல, கத்தரிக்காயையும் தக்காளியையும் பூண்டு சேர்த்து ஆலிவ் எண்ணெயில் மூழ்க வைத்தால் ஆறு மாதம் தாங்குமா? எண்ணெய் மேலே நின்றால் கெடாது என்றுதான் அம்மா சொல்வார். வினிகர் வாசனை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. எளிய செய்முறை இருந்தால் சொல்லுங்கள்.

எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். வெயிலில் பலகை போட்டுச் சிவப்பாக ஏதோ காயவைக்கிறார். 'புவோன்ஜோர்னோ' தவிர நாங்கள் இதுவரை வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

தங்கள் வாசகி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காயையும் பூண்டையும் பச்சையாக எண்ணெயில் போட்டு வைக்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், ருசிகூடப் பார்க்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் மூக்கை நம்ப முடியாது.

காரணம் இதுதான். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் மண்ணில் எங்கும் இருக்கின்றன. பூண்டிலும் கத்தரிக்காயிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய காய்க்குக் காற்றே கிடையாது. கெடாமல் காக்கும் என்று நாம் நம்பும் அந்த எண்ணெய்தான் அதற்குத் தோதான இடத்தை அமைத்துத் தருகிறது. சாதாரணக் கொதிநீரில் இந்த வித்துகள் சாகாது. 121 டிகிரி வேண்டும், அது அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். ஐரோப்பாவில் இந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் நோய் அதிகம் பதிவாகும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. அதில் பெரும்பங்கு வீட்டில் பதப்படுத்திய காய்கறியால் வருவது. மூடி உப்பாமல், நாற்றம் வராமல்கூட ஜாடிக்குள் நஞ்சு இருக்கலாம். இரட்டைப் பார்வை, இமை தொங்குவது, வாய் வறட்சி, விழுங்க முடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 112-ஐ அழைத்துவிட வேண்டும்.

அப்படியானால் அம்மா சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். அம்மா செய்தது சரி, அவர் சொன்னதில்தான் பாதி விட்டுப்போயிற்று. உங்கள் அம்மா என்னென்ன ஊறுகாய் போடுவார் என்று யோசித்துப் பாருங்கள். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், நெல்லிக்காய் என்று எல்லாமே பிறவியிலேயே புளிப்பானவை. அதற்கு மேல் கை நிறையக் கல் உப்பு. பூண்டு ஊறுகாய் போடும்போது மட்டும் புளியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து சேர்ப்பார், இல்லையா? எங்கள் விருதுநகர் வீட்டிலும் அப்படித்தான். ருசிக்காகச் சேர்ப்பதாகவே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பூண்டுக்குத் தன் புளிப்பு கிடையாது என்பதை எத்தனையோ தலைமுறைப் பெண்களின் கை கண்டுபிடித்து வைத்திருந்தது. புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அந்த எண் 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வித்து முளைக்காது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. காப்பது புளிப்பும் உப்பும்தான். எண்ணெய் மேலே பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

இதை நான் கற்றுக்கொண்டது 2014 கோடையில். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிசிலியின் தென்கிழக்கில் மோதிக்கா ஊருக்கு வெளியே, கல்வேலிகளும் கரோப் மரங்களும் நிறைந்த இந்தப் பகுதிக்கு வந்திருந்தோம். நீங்கள் கேட்கிற அதே மாதிரி, கத்தரிக்காயும் பூண்டும் பச்சையாக எண்ணெயில் போட்டு ஆறு ஜாடிகளை அலமாரியில் அடுக்கியிருந்தேன். பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "வினிகரில் வேகவைத்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றதும் என் கையைப் பிடித்து என் வீட்டுக்கே அழைத்து வந்து, மீதி ஐந்தையும் எடுத்து வைக்கச் சொன்னார். ஆறையும் திறக்காமலே ஒரு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார். அன்று எனக்குக் கோபம் வந்தது. வந்த இடத்தில் நம்மை மட்டமாக நினைக்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது. மறுநாள் காலை அவரே ஒரு கூடை கத்தரிக்காயும் இரண்டு பாட்டில் வினிகருமாக வாசலில் நின்றார்.

இந்த ஊரில் வயதான பெண்களை உறவில்லாதவர்களும் ட்சீயா என்றுதான் கூப்பிடுவார்கள். நமக்கு அத்தை, சித்தி மாதிரி. அன்றிலிருந்து எனக்கும் அவர் ட்சீயாதான்.

ட்சீயாவின் செய்முறை இது. கத்தரிக்காயைத் தோல் சீவி விரல் கனத்துக்கு நீளமாக நறுக்குங்கள். கல் உப்புத் தூவி, மேலே தட்டும் தட்டின்மேல் ஒரு கல்லுமாக ராத்திரி முழுக்க விடுங்கள். கறுப்பாகத் தண்ணீர் விட்டிருக்கும், அதை ஒட்டப் பிழியுங்கள். தண்ணீரும் ஒயின் வினிகரும் சரிபாதியாகக் கொதிக்கவைத்து, அதில் காயைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். இங்கே ஒயின் வினிகரின் புளிப்பு ஆறு சதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதனால் கடை வினிகரை நம்பலாம். வினிகரின் அளவை மட்டும் குறைக்காதீர்கள். பூண்டுக்கும் பச்சை மிளகாய்க்கும் இதே கொதி தர வேண்டும். துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, காய்ந்த ஓரிகானோ தூவி, ஜாடியில் காற்றுக் குமிழி இல்லாமல் அமுக்கி அடுக்குங்கள். அப்புறம்தான் எண்ணெய். மறுநாள் எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருக்கும், மேலே ஊற்றி நிரப்புங்கள். திறந்த ஜாடி ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

வினிகர் வாசனை பிடிக்காது என்கிறீர்கள். மூன்று நான்கு வாரத்தில் அது மட்டுப்பட்டு, நம் புளி ஊறிய கத்தரிக்காய் மாதிரி ஒரு ருசி வந்துவிடும். என் பிள்ளைகள் தயிர்ச் சோற்றுக்கு இதைத்தான் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரு சின்னச் செய்தி: கத்தரிக்காய்க்கு இத்தாலியர்கள் சொல்லும் 'மெலன்சானா' அரபுச் சொல்லான 'பாதின்ஜான்' வழியாக வந்தது. அந்தச் சொல்லின் வேரைப் பின்னோக்கித் தேடிய மொழியியலாளர் சிலர் நம் பழைய 'வழுதுணை'யோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். 827-ல் அரபுகள் இந்தத் தீவில் இறங்கிய பிறகு எலுமிச்சையும் கத்தரியும் இங்கே வேர்விட்டன. உங்கள் தோட்டத்து எட்டுச் செடிகளும் உங்களுக்கு முன்பே அந்தப் பயணத்தைச் செய்து முடித்தவை.

சரி, தக்காளிக்கு வருவோம். முப்பது கிலோ என்பது கேட்கத்தான் பெரிது. சாறாகப் பிழிந்தால் முப்பது பாட்டிலுக்குள் அடங்கிவிடும். முதலில் பழங்களை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். எத்னா சாம்பல் தூவும் பகுதி உங்களுடையது. அந்தச் சாம்பல் நொறுங்கிய கண்ணாடிதான், காம்புக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் பக்கம் இதை 'சல்சா போடுவது' என்பார்கள். ட்சீயா வீட்டு முற்றத்தில் விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடுவோம். ஒருவர் கழுவுவார், இருவர் கீறிக் காம்பை எடுப்பார்கள். அண்டாவில் வெந்து குழைந்ததும் தக்காளி பிழியும் இயந்திரத்தில் இரண்டு தடவை விட வேண்டும். இரண்டாவது தடவையில் வருவதுதான் கெட்டிச் சாறு. தோலும் விதையும் கோழிக்கு. பெரிய பியர் பாட்டில்களைத்தான் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளசி இலையைத் (நம் துளசி இல்லை, இங்கத்திய பாசிலிக்கோ) தள்ளிவிட்டுச் சாறு ஊற்றி, நெம்புகோல் வைத்த கருவியால் சோடா மூடி அழுத்துவார்கள். அப்புறம் ஒரு தகர டிரம். பாட்டிலும் பழந்துணியும் சாக்கும் மாறி மாறி அடுக்கி, மேலே தண்ணீர் நின்றதும் கரோப் விறகும் வாதுமை ஓடும் போட்டு எரிப்பார்கள். கொதி வந்ததிலிருந்து நாற்பது நிமிடம். அப்புறம் தீயை அணைத்துவிட்டு டிரம்மைத் தொடக் கூடாது. மறுநாள் காலைவரை அது தானாக ஆற வேண்டும். எப்படியும் ஒரு பாட்டிலாவது உள்ளே வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள்.

இதில் ஒன்றை மட்டும் நான் ட்சீயாவை விட்டு விலகிச் செய்கிறேன். தக்காளி நாம் நினைக்கிற அளவு புளிப்பானதில்லை. அந்த 4.6 எல்லைக்கு அருகில்தான் நிற்கும், நன்றாகப் பழுத்தது அதைத் தாண்டியும் போகலாம். அதனால் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றிவிடுகிறேன். கடையில் பாட்டிலில் வருவதுதான் இதற்கு நல்லது, புளிப்பு ஒரே அளவில் இருக்கும். ட்சீயாவுக்கு இது பிடிப்பதில்லை. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒன்றும் ஆகவில்லை என்பார். நான் வாதாடுவதில்லை, என் பங்குப் பாட்டில்களைத் தனியாக வைத்துச் சேர்த்துக்கொள்கிறேன். நீங்களும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ருசியில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சரிசெய்துவிடும் அளவுக்குத்தான் வித்தியாசம். இன்னொன்று: இந்தச் சாற்றை எப்படியும் அடுப்பில் இன்னொரு முறை கொதிக்கவிட்டுத்தான் சாப்பிடுவோம், நஞ்சு இருந்தாலும் நன்றாகப் பத்து நிமிடம் கொதித்தால் அழிந்துவிடும். எண்ணெய்க் கத்தரிக்காயை நேரே ரொட்டிமேல் வைத்துச் சாப்பிடுகிறோம். அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

உங்கள் எதிர்வீட்டு அம்மா காயவைக்கும் சிவப்புப் பொருள் எது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அது ஸ்த்ராத்து. வேகவைத்துப் பிழிந்த தக்காளிச் சாற்றில் உப்புச் சேர்த்து மரப்பலகையில் மெலிதாகப் பரப்பி, நாளெல்லாம் கையால் வழித்து வழித்துத் திருப்பிப் போடுவார்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நாளாக ஆகப் பலகைகள் குறையும், நாலு பலகைச் சாறு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கடைசியில் செங்கல் நிறத்தில், வெல்லப்பாகு மாதிரி இழுத்தால் வரும் ஒரு களி. பத்துக் கிலோ தக்காளிக்கு ஒரு கிலோ தேறினால் நல்ல தேர்ச்சி. மண்ஜாடியில் அமுக்கி மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு கரண்டி போட்டால் ஒரு சட்டிக் குழம்பு நிறம் மாறும்.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது எங்கள் மொட்டை மாடிதான் நினைவுக்கு வந்தது. வேட்டி விரித்து வடாம் பிழிந்துவிட்டு, காக்காய் விரட்ட என்னை உட்கார வைப்பார் அம்மா. இங்கே காக்காய்க்குப் பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சிரோக்கோ காற்று. தெற்கு வானம் மங்கலான மஞ்சளானால் செம்மண் தூசி வருகிறது என்று பொருள், உடனே பலகைகளை உள்ளே இழுத்துவிடுவோம். மற்றபடி ஜூலை, ஆகஸ்டில் மழையைப் பற்றிய பயமே இல்லை. வெயிலைப் பற்றித்தான் பயம் வேண்டும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் புளோரிதியாவில் 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவிலேயே இதுவரை அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதி செய்தது. அன்று பத்து மணிக்கு மேல் ட்சீயா யாரையும் முற்றத்துக்கு விடவில்லை. பலகைகள் மட்டும் வெயிலில் கிடந்தன.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அழுகைக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் இந்தத் தீவு மூடிக்கொள்வது உங்களிடமிருந்து விலகுவதற்காக அல்ல. ஆகஸ்ட் 15-ஐச் சுற்றிய பெர்ரகோஸ்தோ விடுமுறை அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்துப் பழக்கம். அலுவலகம், பட்டறை, மருந்துக்கடை எல்லாம் முறைபோட்டு மூடும். ஆனால் நீங்கள் பார்க்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து உங்கள் தெருவில் நிற்கும் கார்களின் எண்பலகைகளைக் கவனியுங்கள். ஜெர்மனி, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து வண்டிகள் இருக்கும். வட இத்தாலியிலிருந்து வந்தவையும் இருக்கும். 1955-ல் இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. அந்தக் காலத்திலும் அதற்கு முன்பும் பின்பும் இங்கிருந்து கிளம்பியவர்கள் ஏராளம், சில மலையூர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கிளம்பிப்போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆகஸ்டில்தான் வருவார்கள்.

ட்சீயாவின் மூத்த மகன் ஜெர்மனியில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்னொரு மகள் துரினில். இருவரும் கிளம்பும் நாளில் நான் பார்த்திருக்கிறேன். துணிமணிப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியின் பின்பகுதி முழுக்கச் சல்சா பாட்டில்களை அடுக்குவார்கள். தக்காளிச் சாறு ஜெர்மனிக் கடையில் கிடைக்காதா என்ன? ஒரு யூரோவைச் சுற்றித்தான் விலை. ஒருமுறை ட்சீயாவிடம் இதைக் கேட்டும்விட்டேன். அவர் பதிலுக்கு, "உன் அம்மா உனக்கு அனுப்பும் மிளகாய்ப் பொடி இங்கே கடையில் கிடைக்காதா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியில் வந்த பொட்டலங்களை அவர் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், தனியாக இருப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பாலெர்மோவில் 1980-களிலிருந்து வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள். 1624 கொள்ளைநோயிலிருந்து அந்த நகரத்தைக் காத்தவள் என்று பாலெர்மோ மக்கள் கும்பிடும் புனிதை அவள். இந்துக்களான நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே வேண்டிக்கொள்வதை உள்ளூர்க்காரர்கள் இப்போது இயல்பாகவே பார்க்கிறார்கள். ஒரு ஞாயிறு நேரம் கிடைத்தால் போய் வாருங்கள், தமிழ்க் குரல் கேட்கலாம்.

ஆனால் அதற்கு முன் எதிர்வீட்டுக்குப் போக வேண்டும். உங்கள் இத்தாலியன் போதாது என்று தயங்காதீர்கள். ஒரு கூடைத் தக்காளியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போங்கள், மதியத்தில் போகாதீர்கள், அது அவர்கள் தூங்கும் நேரம். பலகையைக் காட்டி, "மி இன்ஸேஞ்ஞா?" என்று கேளுங்கள். எனக்குக் கற்றுத் தருவீர்களா என்று பொருள். வயதான ஒருவருக்குத் தனியாகப் பலகை தூக்குவது கஷ்டம். உங்கள் கை அவருக்கு நிஜமாகவே தேவைப்படும். நீங்கள் உதவி கேட்டுப் போவதாக நினைக்கிறீர்கள், அவர் வீட்டில் ஆள் போதாமல் இருக்கலாம்.

அவர் வீட்டுச் சுவரில் வட்ட இலையோடு ஒரு கொடி தொங்கினால், அது கேப்பர் செடியாக இருக்கலாம். அதன் பூ மொட்டை விரியுமுன் விடியலில் பறித்து, ஒரு கிலோவுக்கு 400 கிராம் கல் உப்பில் பத்து நாள் தினமும் கிளறிவிட்டு, ஊறிய நீரை வடித்து, இன்னும் ஒரு பத்து நாள் புது உப்பில் வைத்தால் கசப்புப் போய் மணம் வரும். நம்மூர் ஆதொண்டைக்காய் வற்றல் சாப்பிட்டிருக்கிறீர்களா? இரண்டும் ஒரே குடும்பம். வத்தக்குழம்பில் கேப்பர் போட்டுப் பாருங்கள். உப்பை அலசிவிட்டுப் போட வேண்டும்.

எலுமிச்சை ஊறுகாயை மட்டும் அம்மா சொன்னபடியே தாராளமாகப் போடலாம். கோடையில் சந்தையில் பச்சையாக ஒரு எலுமிச்சை வரும், வெர்தெல்லோ என்பார்கள். முந்தைய கோடையில் மரத்துக்குத் தண்ணீர் காட்டாமல் வாடவிட்டு, பிறகு திடீரென்று பாய்ச்சிப் பருவம் தப்பிப் பூக்க வைத்த காய் அது.

முப்பது கிலோவும் இன்னும் நான்கைந்து நாள்தான் தாங்கும். கீறல் விட்டதையும் அடிபட்டதையும் இன்றே குழம்புக்கு எடுத்துவிடுங்கள், பாட்டிலுக்குப் போகக் கூடாது. மீதியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிழலில் பரப்பிவையுங்கள். பழைய ஜாடி இருந்தாலும் மூடி மட்டும் புதிதாக வாங்குங்கள். ஆறிய பிறகு மூடியின் நடுவே விரலால் அமுக்கிப் பாருங்கள். டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தால் அது பிடிக்கவில்லை, அந்தப் பாட்டிலை அன்றே சமைத்துவிடுங்கள்.

எதிர்வீட்டு அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா